நெருங்கவொண்ணா மலையா கல்லூரி?

அண்ணுதல் என்பது நெருங்குதல். நெருங்குதற்கரிய மலையே அண்ணாமலை என்று அப்பெயர்க்குப் பொருள் கூறுவர். எனினும், கார்த்திகை விளக்கீட்டின்போது கொப்பரையையும் திரியையும் நெய்யையும் தோளிற் சுமந்து நம் மக்கள் அம்மலையின் உச்சிவரை ஏறுகின்றனர். வழியும் வழித்துணையும் வாய்த்துவிட்டால் நெருங்கவொண்ணா மலையும் நெருங்கத் தகுவதே.

அம்மலையடி ஊரில், 1966இல் அரசு கலைக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதன் பின்னர் செங்கத்தினின்றும் போளூரினின்றும் தண்டராம்பட்டினின்றும் சவ்வாது மலைச் சிற்றூர்களினின்றும் உழவர், கூலியாளர் மக்கள் ஊர்விட்டுத் தொலைவு செல்லாமலே பட்டக்கல்வி பெற வழி பிறந்தது. அவர்களுட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர். கல்லூரி வாயில் அவர்க்குத் திறந்துவிட்டது, உண்மை. ஆனால் வாயிலைக் கடந்தபின் வரும் முதலாண்டு வகுப்பு? அதுவே தமிழ்நாடெங்கும் சிற்றூர் மாணவர் முன் நிற்கும் நெருங்கவொண்ணா மலை. நாம் இங்கு எண்ண வேண்டுவது அம்மலையைப் பற்றியே.

பன்னிரண்டாண்டு தமிழில் பயின்ற மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் முடுக்கம் அறிவான், உந்தம் அறிவான், வகைக்கெழு காண்பான், ஒளிச்சேர்க்கையை விளக்குவான். கல்லூரியில் முதல் நாள் வகுப்பில் அவன் செவியில் விழுவன 'ஆக்சலரேசன்', 'மொமெண்டம்', 'டெரிவேட்டிவ்', 'போட்டோசிந்தசிசு' என்பன. பொருள் அவன் அறிந்ததே, பெயர்தான் அறியாதது. அறிந்த பொருள் அயற்பெயர் பூண்டு வந்து நிற்க, தான் ஒன்றுமறியாதவன் என்று அவன் தன்னையே இழித்துக்கொள்கிறான். ஐயம் கேட்க எழுந்தால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்னும் நடுக்கம். பிழைபடக் கேட்டால் பின்வரிசை நகைக்குமே என்னும் கூச்சம். எனவே வாய் மூடுகிறான். வினவுதற்கும் கற்றறிதற்கும் 'கேள்வி' என்னும் ஒரே சொல்லை வழங்கும் மொழி நம்முடையது. கேள்வி மறுக்கப்பட்ட இடத்தில் கல்வியும் மறுக்கப்படுகிறது என்பதற்கு இச்சொல் ஒன்றே சான்று.

அச்சம் கல்வியை எவ்வாறு கெடுக்கிறது என்பதை இற்றை உளவியல் நன்கு காட்டியுள்ளது. ஒரு கணக்கைச் செய்யுங்கால் இடையில் வரும் எண்களையும் அடுத்து வைக்கும் படியையும் அப்போதைக்கு ஏந்தி நிற்கும் சிற்றிடம் ஒன்று நினைவில் உண்டு. அதன் கொள்ளளவு மிகச் சிறிது. 'தோற்றுவிடுவேனோ' என்னும் கவலை அதிற் புகுந்துவிட்டால் கணக்கிற்கு இடமில்லை. அறிந்த விடையும் வாராது. நன்கறியாத மொழியைப் பொருள் பிரித்தறியும் உழைப்பும் அதே சிற்றிடத்தைத்தான் பற்றுகிறது. ஆகலின் நம் மாணவன் இரண்டு சுமைகளை ஏந்திக்கொண்டு மூன்றாவதாகப் பாடத்தையும் ஏந்த வேண்டியவனாகிறான். அவன் இடறினால், 'தகுதியற்றவன்' என்று தீர்ப்பளிக்கின்றனர்! நிலுவைத் தாள்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, முடிவில் அவன் கல்லூரியை விட்டே நீங்கிப் பெருநகர்க்குக் கூலிவேலை தேடிப் போனால், 'படிப்பு ஏறவில்லை' என்று ஊரும் கூறிவிடுகிறது. சுமையேற்றியவரை எவரும் வினவுவதில்லை.

இந்நிலை மாற்றவொண்ணாததன்று. அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி திரெய்சுமன் என்னும் கணக்காசிரியர், முதலாண்டு நுண்கணக்கில் கறுப்பின மாணவர் பலர் தோற்பதன் கரணியத்தை ஆராய்ந்தார். சோம்பலோ அறிவுக்குறையோ அதற்குக் கரணியமன்று. அவர்கள் கடிதுழைத்தனர், ஆனால் தனித்தனியே உழைத்தனர். சீன வழிவந்த மாணவரோ கூடியமர்ந்து, ஒருவர் செய்த கணக்கை மற்றவர் திருத்திப் படித்தனர். இதைக் கண்ட திரெய்சுமன், தோற்பவர்க்கென்று எளிய பாடம் வகுக்கவில்லை. கடிய கணக்குகளைத் தந்து, சிறு குழுக்களாகக் கூடிச் செய்ய வைத்தார். அதிற் பயின்ற மாணவர் தேறினர். உயர்ந்த மதிப்பெண்ணும் பெற்றனர். 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு, அறிவியல், பொறியியல், கணக்குப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. ஆசிரியர் பேச மாணவர் வாளா கேட்கும் வகுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேரும், மாணவர் தாமே வினவியும் செய்தும் கற்கும் வகுப்பில் ஏறத்தாழ 22 பேரும் தோற்றனர் என்பது அதன் முடிவு.

இவை நமக்குப் புதியனவோ? பவணந்தியார் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் என்ன சொல்லியிருக்கிறார்? ஆசான் உரைத்ததை எத்துணைச் செவ்விதாகக் கேட்டாலும் கிடைப்பது காற்பங்கே. உடன் கற்பாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்று, எழுநூறு ஆண்டுகட்கு முன்பே அளந்து வைத்தார். இலக்கணத் தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தோம். வகுப்பறையில் அதைக் கைக்கொள்ள மறந்தோம்!

'தமிழில் உயர்கல்வி இயலுமா?' என்பார் இன்றும் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயலவர் ஒருவர்க்கு இயன்றது நமக்கு இயலாதோ? 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் கலைப்பாடங்கள் தமிழில் தொடங்கப்பெற்றன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனால் 2023 மே திங்களில், உறுப்புக் கல்லூரிகளில் அப்பாடங்களை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழவே கைவிட்டது. வழியைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. அதற்கு நூலும் ஆசிரியரும் வேலையுறுதியும் வேண்டும். இல்லையேல் மாணவர் வாரார். பின்னர் மாணவர் வாராமையையே காட்டி வழியை அடைப்பர்.

ஆங்கிலம் கற்க வேண்டா என்பதன்று நம் கூற்று. ஆங்கிலத்தை மொழியாகச் செவ்வனே கற்பியுங்கள். அதைப் பிற பாடங்களின் வாயிற்காவலாக நிறுத்தாதீர்கள் என்கிறோம்.

கல்லூரிகள் இன்றே செய்யத்தக்கன சில. முதல் ஒரு திங்கள் மதிப்பெண் அச்சமின்றி, ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொற்களையும் தமிழும் ஆங்கிலமுமாக இணைத்துப் பயிற்றுக. வினாவைத் தமிழிற் கேட்கவும் விடையைத் தமிழில் எழுதவும் இடந்தருக. ஆங்கிலவழிப் பாடமாயினும் தாய்மொழியில் தேர்வெழுத இசைவளிக்குமாறு பல்கலைக்கழக நல்கைக் குழுவே 2023 ஏப்பிரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. பருவ முடிவில் ஒரே பெருந்தேர்வாய் அச்சுறுத்தாது, சிறு தேர்வுகளை அடிக்கடி வைத்துப் பிழையை அப்போதே திருத்துக. நால்வர் ஐவராய்க் குழு சேர்த்துக் கற்பிக்க. தாமும் முதலாண்டில் இடறி எழுந்ததை மூன்றாமாண்டு மாணவர் வந்து கூறட்டும். இடறல் தனக்கு மட்டுமன்று என்று அறிந்தவுடனே பாதி நடுக்கம் நீங்கும்.

அரசுப் பள்ளியிற் படித்துக் கல்லூரி புகும் பெண்டிர்க்கு 2022 முதலும் ஆடவர்க்கு 2024 முதலும் திங்கள்தோறும் ஆயிரம் உருபா வழங்கும் திட்டங்களைத் தமிழ்நாட்டரசு தொடங்கியது. கைக்குப் பொருள் தந்தது நன்று. நாவுக்கு மொழியும் தர வேண்டும்.

தமிழன்பர்களே! மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவது எளிது. உங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை எவர் என்று கேட்டறியுங்கள். கற்றவர் ஒருவர், மாலையில் ஒரு மணி நேரம், நான்கு மாணவரை அமர்த்தி, அன்றைய பாடத்தைத் தமிழில் அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். அச்சத்தால் ஒரு பிள்ளை கல்லூரியை விட்டு நீங்காதவாறு காப்பதும் தமிழ்ப்பணியே!