சேற்றின் மேல் ஊற்றாதீர்கள்



வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழையும் திருவருகைக் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கின்றன. வீடு கட்டத் தொடங்கியவர்களுக்கு இது கவலை மிகுந்த காலம். வெட்டிய அத்திவாரக் குழி ஓர் இரவு மழையிலேயே குளமாகிவிடும். காலையில் சீமெந்துப் பைகள் வந்து இறங்கியிருக்கும். வேலையாட்களும் வந்து நிற்பார்கள். தண்ணீரை இறைத்துவிட்டுக் கொங்கிறீற்றை ஊற்றிவிடுவோமா என்ற எண்ணம் எழுவது இயல்பே.

ஆனால் தண்ணீரை இறைப்பது பாதி வேலை மாத்திரமே. நீர் தேங்கி நின்ற குழியின் அடிமண் குழைந்து சேறாகியிருக்கும். அதன்மேல் ஊற்றினால் சேறு கலவையோடு கலந்து அதன் வலிமையைக் கெடுக்கும். வீட்டின் பாரம் ஏறும்போது மென்மையான இடம் அமிழும். கெட்டியான இடம் அமிழாது நிற்கும். இவ்வாறு சமனின்றி இறங்கும் வீட்டின் சுவர்கள் வெடிக்கும். ஆகவே அனுபவமுள்ள மேசன், குழியின் மூலையில் சிறு பள்ளம் தோண்டி, நீரை அதில் வடியவிட்டு வெளியேற்றுவார். கெட்டி மண் தென்படும்வரை சேற்றைச் சுரண்டி எறிவார். அள்ளிய சேற்றை மீண்டும் இட்டு மட்டம் செய்யமாட்டார். அடுத்த மழை வருமுன் 2 அல்லது 3 அங்குலத் தடிப்பில் மெலிந்த கொங்கிறீற் படையொன்றை இட்டு அடிமண்ணை மூடிக் காப்பார். கம்பியில் ஒட்டிய சேற்றையும் கழுவுவார்.

இவற்றுள் ஒன்றேனும் பின்னர் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. சுவர் எழும்பிய பின்பு, சேற்றை அள்ளியவரின் வீடும் அள்ளாதவரின் வீடும் ஒன்றுபோலவே தோன்றும். ஆண்டவர் இயேசு கூறிய உவமையிலும் நிலைமை இதுவே. ஆழமாகத் தோண்டிப் பாறையின் மேல் அத்திவாரமிட்ட மனிதனைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் எடுத்துரைக்கிறது. அவனும் வார்த்தையைக் கேட்டான், மற்றவனும் கேட்டான். வேறுபாட்டை வெளிப்படுத்தியது வெள்ளமே.

நமது மண்ணும் இதையே கற்பிக்கிறது. யாழ்ப்பாணத்தின் பல இடங்களில் சில அடி தோண்டியதும் சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். மன்னார் முருங்கன் பகுதியிலோ கரிய களிமண். மழையில் அது பருக்கும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். அங்கு வீடு கட்டுபவர் கூடுதலாக உழைக்கவேண்டும். எல்லாருக்கும் ஒரே நிலம் கிடைப்பதில்லை; எனினும் உறுதியான இடத்தைத் தேடும் கடமை எல்லாருக்கும் உண்டு.

அன்பானவர்களே, நமது குடும்பங்கள் பலவற்றில் அந்தச் சேறு காணிப் பிணக்காகவே கிடக்கிறது. சீதனமாகக் கொடுத்த பங்கு, வேலியை நகர்த்திய ஒரு முழம், இடம்பெயர்ந்தும் வெளிநாடு சென்றும் பிரிந்த சகோதரரின் உரிமை என்று அது பல வடிவங்கொள்ளும். அத்திவாரக்கல் நாட்டப் பங்குத்தந்தையை அழைக்கிறோம், தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. வேலிக்கு அப்பால் நிற்கும் அண்ணனுக்கோ அழைப்பு இல்லை. இது சேற்றின் மேல் ஊற்றுவதாகும். கல் நாட்டும் நாளைக் குறிப்பதற்கு முன்பே காணிப் பிணக்கைப் பேசித் தீர்ப்பதை ஒவ்வொரு பங்கிலும் வழக்கமாக்க வேண்டும் என்பதே எனது தாழ்மையான கருத்து. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் செல்லுமாறு மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பணிக்கிறார். அவர் வகுத்த வரிசையை நாம் மாற்றலாகாது.

"உறுதி எங்கள் பெயரில் இருக்கிறதே" என்று சிலர் கூறக்கூடும். உறுதிப் பத்திரம் உரிமையைக் காட்டும். உள்ளத்தின் கசப்பை அது அகற்றாது. மறுபுறத்தில், ஒப்புரவு என்பது அநீதியைப் பொறுத்துக்கொண்டு வாய்மூடி இருப்பதுமன்று. சீதனக் காணியை இழந்த சகோதரியிடம் "மன்னித்துவிடு" என்று மாத்திரம் சொல்வது, அள்ளிய சேற்றையே திரும்பக் குழியில் இடுவது போன்றது. சக்கேயு தான் ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். அந்த வீட்டிற்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அப்போது அறிவித்தார்.

"மனம் ஆறட்டும், பிறகு பார்ப்போம்" என்பது இன்னொரு சாட்டு. கூரையற்ற குடும்பத்தினரிடம் மழை முடியும்வரை காத்திருங்கள் என்று எவரும் சொல்லமுடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பல குடும்பங்களின் வீடுகளைப் பறித்ததை நாம் அறிவோம். மாரியிலும் வீடு கட்டலாம். சேற்றை அகற்றிவிட்டே கட்டவேண்டும். அவ்வாறே, மனம் முற்றாக ஆறும்வரை ஒப்புரவும் காத்திருக்கத் தேவையில்லை. முதற் சொல்லை இன்றே சொல்லலாம்.

இந்தத் திருவருகைக் காலத்தில் ஒப்புரவுத் திருவருட்சாதனத்தை நாடுமுன், நமது வேலியோரம் ஒருமுறை நடந்து செல்வோம். அங்கே யாருடைய பெயரைச் சொல்ல நம் நா தயங்குகிறதோ, அவருடைய வாசலுக்குச் செல்வோம். அந்தச் சந்திப்பை ஊரார் அறியாமற் போகலாம். அத்திவாரத்தின் அடிமண்ணையும் எவரும் காண்பதில்லை; ஆயினும் வீட்டின் முழுப் பாரத்தையும் அதுவே தாங்குகிறது. நமது பிள்ளைகள் வாழப்போகும் வீட்டை அத்தகைய நிலத்தின் மேல் எழுப்ப ஆண்டவர் நமக்குத் துணைபுரிவாராக.