ஓவர்கிளாக் பண்ணலாம், முதல்ல தூசி தட்டுங்க

"டேய், சிஸ்டத்தை ஓவர்கிளாக் பண்ணிட்டியாமே, எனக்கும் பண்ணிக் குடுடா"ன்னு கிளாஸ்ல ரெண்டு மூணு பேர் நச்சரிக்கிறாங்க. பி.காம் படிக்கிறவன்கிட்ட கேக்கற கேள்வியான்னு நினைக்காதீங்க. இதுவும் லாப நஷ்டக் கணக்குதான்.

கம்பெனி குறிச்சுக் குடுத்த வேகத்துக்கு மேல பிராசஸரை ஓட்டறதுதான் ஓவர்கிளாக்கிங். 1998ல வந்த இன்டெல் செலரான் 300ஏ இதுல சூப்பர் ஸ்டார். பஸ் வேகத்தை 66ல இருந்து 100 ஆக்கினா, 300 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் 450ல ஓடும். சும்மா கிடைச்ச 50 சதவீதம்! அந்தக் காலம் போயாச்சு. இப்ப வர்ற பிராசஸர்கள் டர்போங்கற பேர்ல தானாவே எல்லை வரைக்கும் ஏறிடுது. நமக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

செலவைப் பாருங்க. பிராசஸர் கக்கற சூடு வேகத்தோட நேர் விகிதத்துல ஏறும், வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும். ரெண்டையும் 10 சதவீதம் கூட்டினா 1.1 x 1.1 x 1.1 = 1.33. 10 சதவீத வேகத்துக்கு 33 சதவீதம் கூடுதல் சூடு. எந்த ஆடிட்டர் ஒத்துக்குவார்?

அதுவும் நம்ம வடசென்னையில! வீடியோவுல செஞ்சு காட்டறவர் ஏசி ரூம்ல இருப்பார். நம்ம வீடு மே மாசத்துல 36 டிகிரி. அறை எத்தனை டிகிரி கூடுதோ, பிராசஸரும் ஏறக்குறைய அத்தனை கூடும். போதாததுக்கு கன்டெய்னர் லாரிப் புழுதி, கடலோர உப்புக் காத்து. ஹைகோர்ட் உத்தரவால 2011ல சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி இறக்கறது நின்னு, எண்ணூர் பக்கம் போச்சு. அதனால திருவொற்றியூர்ல ஜன்னல் கம்பியைத் தொட்டா விரல் கறுப்பாகாம இல்ல.

உண்மையைச் சொல்லிடறேன். நான் ஓவர்கிளாக் பண்ணவே இல்ல. கேம் ஆடும்போது 95 டிகிரி தொட்டு, சிஸ்டம் தானாவே வேகத்தைக் குறைச்சுட்டிருந்தது. திறந்து பார்த்தா ஹீட்சிங்க்ல கம்பளி மாதிரி தூசி. சுத்தம் பண்ணி, ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின தெர்மல் பேஸ்ட்டைப் புதுசாப் போட்டேன். 78க்கு இறங்கிடுச்சு. வேகமும் திரும்பி வந்துடுச்சு. அதைப் பார்த்துதான் நம்ம பசங்க புரளி கிளப்பிட்டாங்க :)

இதுக்கு அப்புறமும் ஆசை தீரலன்னா இதைச் செய்யுங்க:

1. உங்க பிராசஸர் இடம் குடுக்குதான்னு பாருங்க. இன்டெல்ல 'கே' வகையும் இசட் சிப்செட் போர்டும் வேணும். ஏஎம்டி ரைசன்ல பெரும்பாலானது திறந்தே இருக்கும். வாரண்டி போகலாம், படிச்சுப் பாருங்க.
2. ராம் பெட்டியில 3200னு போட்டிருந்தும் போர்டு அதை 2133லயோ 2400லயோ ஓட்டும். பயாஸ்ல எக்ஸ்எம்பி போடுங்க. காசு குடுத்து வாங்கினதை முதல்ல வசூல் பண்ணுங்க.
3. ஃபைல்களை எல்லாம் பேக்கப் எடுங்க. பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸா, இதோட விட்டுடுங்க.
4. ஒரு தடவைக்கு 100 மெகாஹெர்ட்ஸ். வோல்டேஜைத் தொடாதீங்க. பிரைம்95 ஓட்டி, 85 டிகிரி தாண்டினா பின்வாங்குங்க. மத்தியான வெயில்ல சோதிங்க, ராத்திரியில இல்ல.

வோல்டேஜ் விளையாட்டு இல்ல. தேவைக்கு மேல வோல்டேஜ் போய் 13, 14ம் தலைமுறை பிராசஸர்கள் கெட்டதுக்காக, 2024ல இன்டெல்லே ரெண்டு வருஷம் வாரண்டியை நீட்டிச்சது. நமக்கு யார் நீட்டிப்பாங்க? எங்க வீட்டுல இருக்கறது ஒரே சிஸ்டம். அக்கா அதுலதான் ராத்திரி டாலி என்ட்ரி போட்டு சம்பாதிக்கிறா, அப்பா இன்னும் தவணை கட்டறார். 10 சதவீத வேகத்துக்காக அதைப் பந்தயம் வைக்க எனக்கு மனசு வரல.

உங்க வீட்டுல ரெண்டாவது சிஸ்டம் இருக்கா? அப்ப தாராளமா இறங்குங்க. இல்லன்னா பெயின்ட் பிரஷ்ஷை எடுங்க!