பத்திரத்தைப் பார்த்தீர்கள், வீட்டைப் பார்த்தீர்களா?

வீடு வாங்கப் போகிறவர்கள் நம் ஊரில் என்னவெல்லாம் பார்க்கிறார்கள்! முப்பது வருஷ வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, வக்கீல் ஒப்பீனியன். வாஸ்துக்காரர் காம்பஸோடு வருகிறார். அட்வான்ஸ் கொடுக்க ராகு காலம், எமகண்டம் தள்ளி நேரம் குறிக்கிறார்கள். வீட்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "நல்ல காத்தோட்டமுங்க" என்று எழுந்து வருவது பார்த்ததாகாது.

நான் பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராகச் சேர்ந்து உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றி யார் பழைய வீடு வாங்கினாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். எப்போது? கிரயம் முடித்து, பால் காய்ச்சிய பிறகு! ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பணிக்கொடை, பி.எஃப். எல்லாவற்றையும் போட்டு ஒரு மாடி வீடு வாங்கினார். ஃபால்ஸ் சீலிங் பார்க்க அழகு. ஐப்பசி மழையில் ஒழுகியதும் கழற்றினால், மேலே கம்பி துருப்பிடித்து வீங்கி, காங்கிரீட் பாளம் பாளமாக விட்டு நிற்கிறது. அதற்கு நேர் கீழே பேத்தியின் தொட்டில்.

விற்றவர் மறைத்தது குற்றமில்லையா என்பீர்கள். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு, விற்பவர் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் எந்தக் குறையை? வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணுக்குப் படாத குறையை மட்டும். பார்த்தால் தெரிந்திருக்கும் என்றால் பொறுப்பு நம் தலையில். ரெரா சட்டம் கட்டுமானக் குறைக்கு 5 வருஷம் பொறுப்பு என்கிறதே என்றால், அது பதிவு பெற்ற புதுத் திட்டத்தில் கட்டி விற்ற புரமோட்டருக்கு. இருபத்தைந்து வருஷத்துப் பழைய வீட்டுக்கு அந்தக் குடை கிடையாது.

"அப்ரூவல் இருக்குதுங்க சார்" என்பார் புரோக்கர். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று சரிந்த 11 மாடிக்கும் அப்ரூவல் இருந்தது. 61 பேர் செத்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். காகிதத்தில் போட்ட முத்திரை காங்கிரீட்டுக்குள் இறங்காது.

இப்போது பொதுவாக முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. அறுபது லட்சத்துக்கு 5,40,000 ரூபாயை முகம் சுளிக்காமல் கட்டுகிறோம். கமிஷன் தனி. ஒரு இன்ஜினியருக்கோ, அனுபவப்பட்ட கொத்தனாருக்கோ சில ஆயிரம் கொடுக்கச் சொன்னால், "எதுக்குங்க, நல்லாத்தானே இருக்குது" என்கிறார்கள். பெயிண்ட் நல்லாத்தான் இருக்கும்! விற்பதற்கென்றே அடித்தது. அதிலும் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பட்டி பார்த்திருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

வெயிலில் வீடு பார்க்காதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, கீழே அறை மூலைகளில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று அப்போது தெரியும். பூச்சில் வலை மாதிரி ஓடும் மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்வாக ஏறும் விரிசல்தான் அஸ்திவாரம் இறங்கிய கதையைச் சொல்லும். கூரையில் கம்பி ஓடும் வாக்கிலேயே நேர்க்கோடாக விரிசலும் செம்பழுப்புக் கறையும் இருந்தால் துரு. சின்னச் சுத்தியலால் தட்டுங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் அங்கே பிடிப்பு விட்டுப்போயிற்று. தூக்குக்குண்டு, ரசமட்டம் இரண்டும் கையில் இருக்கட்டும். தூர்த்த கிணறு எங்கே என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் கொல்லைக்குக் கொல்லை கிணறு. சில இடத்தில் அதன் மேலேயே சமையலறை நிற்கிறது.

இப்படியெல்லாம் தட்டினால் விற்கிறவர் மனசு சங்கடப்படும் என்று நம்மவர்களுக்குக் கூச்சம். அவர் அறுபது லட்சத்தை எண்ணி வாங்கும்போது கூச்சப்படப் போகிறாரா? ஃபால்ஸ் சீலிங்கில் ஒரே ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், அட்வான்ஸ் கவரைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, "போயிட்டு வர்றோமுங்க" என்று கிளம்பிவிடுங்கள்.