கட்டடம் இல்லாத பள்ளியின் மதிப்பெண்

அமெரிக்காவில் கட்டடமே இல்லாத அரசாங்கத் தொடக்கப்பள்ளிகள் உண்டு. கட்டணம் கிடையாது, மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. பிள்ளை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு நிற்க வேண்டாம். சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்தால் வகுப்பு. கோவிட் காலத்தில் நாம் தட்டுத் தடுமாறிப் பழகிய முறையை அங்கே 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே தொடங்கிவிட்டார்கள். வீட்டிலிருந்தே முழு நேரமும் படிக்கலாம் என்ற விளம்பரங்கள் இப்போது நம் கைப்பேசிக்கும் வருவதால், அந்தப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்ப்பது நமக்கும் உதவும்.

அந்நாட்டில் ஒவ்வோர் அரசுப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டையும் பொதுவில் பார்க்கலாம். மாணவர்களின் இனம், வருமான நிலை ஆகியவையும் உடன் இருக்கும். இயங்கலைப் பள்ளிகளின் தேர்ச்சி பெரும்பாலும் குறைவு. கேட்டால், “எங்களிடம் வரும் பிள்ளைகள் வேறு மாதிரி” என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. பகடிவதையால் ஒதுங்கியவர்கள், நீண்ட நாள் நோயாளிகள், மற்ற பள்ளியில் பின்தங்கி ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவர்கள் எனப் பலர் இருப்பார்கள். சிலருக்கு அந்தப் பள்ளி உண்மையிலேயே அடைக்கலம்தான்.

ஆனால் அந்தச் சாக்கையும் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் கிரிடோ ஆய்வு மையம் 2015இல் 17 மாநிலங்களையும் தலைநகர் வாஷிங்டனையும் எடுத்துக்கொண்டது. ‘சார்ட்டர்’ எனப்படும், அரசு நிதியில் தனியார் நிர்வாகம் நடத்தும் இயங்கலைப் பள்ளி மாணவர்களை, ஒரே வகுப்பு, ஒரே இனம், ஒரே வருமான நிலை, முந்தைய தேர்வில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் உள்ள சாதாரண அரசுப் பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டது. இயங்கலைப் பிள்ளைகள் வாசிப்பில் 72 நாள் பாடம் பின்தங்கியிருந்தார்கள். கணிதத்தில் 180 நாள். அங்கே ஒரு பள்ளி ஆண்டே 180 நாள்தான்! அதே மையத்தின் 2023 அறிக்கையில் இடைவெளி கொஞ்சம் குறைந்து, வாசிப்பில் 58, கணிதத்தில் 124 என்று நின்றது. நாள் கணக்கு என்பது புள்ளிவிவரத்தைப் புரியவைக்க ஆய்வாளர்கள் செய்த மாற்றுக் கணக்கு. அதைக் கழித்துப் பார்த்தாலும் சரிவு சிறியதல்ல. 2015 ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும், சார்ட்டர் பள்ளிகளை ஆதரிக்கும் வால்டன் குடும்ப அறக்கட்டளைதான். எதிராளிகள் செய்த வேலை என்று தள்ளிவிட முடியாது.

இத்தனைக்கும், இயங்கலைப் பள்ளிகளில் வெள்ளையர் விழுக்காடு கூடுதல். ஆங்கிலத்தை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு. வருமானக் கணக்கையும் கவனமாகப் படிக்க வேண்டும். இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியானவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்தே அங்கே வறுமையை அளப்பது வழக்கம். நம் நாட்டு ஆர்.எம்.டி. உணவுத் திட்டப் பட்டியலைப் பார்ப்பது போல. சிற்றுண்டிச்சாலையே இல்லாத பள்ளியில் எந்தப் பெற்றோர் உணவுக்காகப் பாரம் நிரப்பப்போகிறார்?

அப்படியானால் கோளாறு எங்கே? அதே சமயத்தில் மெத்தமட்டிக்கா என்ற ஆய்வு நிறுவனம் இதைத் தேடியது. இயங்கலைப் பிள்ளைக்கு ஆசிரியர் நேரலையில் ஒரு வாரம் முழுக்கக் கற்பிக்கும் நேரம், சாதாரணப் பள்ளியில் ஒரு நாளில் கிடைப்பதைவிடக் குறைவு என்று தெரிந்தது. மீதி நேரத்துக்கு யார்? பெரிய இயங்கலைப் பள்ளி நிறுவனம் ஒன்று பெற்றோருக்கே ‘கற்றல் பயிற்றுநர்’ என்று பட்டம் சூட்டியிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை தனியாகத் திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டுமா? பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். சொல்லப்போனால் அந்த ‘பயிற்றுநர்’ சம்பளம் இல்லாத அம்மாதான்.

பட்டியலில் இனத்துக்கு ஒரு கட்டம், வருமானத்துக்கு ஒரு கட்டம், உடற்குறைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பகலில் வீட்டில் பெரியவர் இருக்கிறாரா என்பதற்குக் கட்டம் இல்லை. தொடக்கப்பள்ளியில் மதிப்பெண்ணை ஆட்டிவைப்பதோ அதுதான். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நம் கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று வந்தது. அதை எல்லாரும் பேசினோம். கருவி இருந்தும், அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, தாத்தாவோடு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றி யாரும் எண்ணிக்கை எடுக்கவில்லை.

எண்ணிக்கை என்றதும் ஒஹாயோ மாநிலம் நினைவுக்கு வருகிறது. அங்கே ‘எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ’ என்ற பள்ளி 2015-16இல் 15,000க்கு மேற்பட்ட முழுநேர மாணவர்களுக்கு அரசுப் பணம் வாங்கியது. மாநிலம் தணிக்கை செய்ததில் சுமார் 6,300 பேர் அளவுக்குத்தான் படித்ததற்குச் சான்று கிடைத்தது. 2018 ஜனவரியில், ஆண்டின் நடுவிலேயே பள்ளி மூடப்பட்டது. ஏறக்குறைய 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள்.

இன்னொன்று. மத்திய அரசின் சட்டம் கேட்கும் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. பிள்ளை எழுத்தும் எண்ணும் பழகும் முதல் ஆண்டுகள் அந்தத் தேர்ச்சிப் பட்டியலில் வருவதே இல்லை. ஆகவே விளம்பரம் பார்த்து மயங்கும் பெற்றோர் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆசிரியர் நேரலையில் இருப்பார், சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் பாதியில் விலகினார்கள், தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். காலை எட்டு மணிக்குப் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார் என்பதை, பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.