'ஓரிரு இடங்களில் மழை' - மணிலா விதைக்கலாமா?

ஆனி, ஆடி மாதங்களில் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் மானாவாரி விவசாயிகள் மணிலா விதைப்புக்கு மழையை எதிர்பார்த்திருப்பார்கள். "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று வானிலை அறிவிப்பு வரும். மாலையில் பக்கத்து ஊரில் கொட்டித் தீர்க்கும். தம் ஊரில் தூறலோடு நின்றுவிடும். "இவர்கள் சொல்லி என்றைக்கு மழை பெய்தது?" என்று கேலி பேசுவது வழக்கமாகிவிட்டது. இந்தக் கேலி நியாயமற்றது. அறிவிப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் நஷ்டமடைபவரும் விவசாயிதான்.

அறிவிப்பில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை என்று பொருள். மீதி முக்கால் பங்கு இடங்கள் காய்ந்தே கிடந்தாலும் அறிவிப்பு பொய்த்ததாகாது. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். 'கனமழை' என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை.

மழை இப்படித் திட்டுத் திட்டாகப் பெய்வதற்கு மேகம் உருவாகும் விதமே காரணம். வெயிலில் நிலம் சூடேறுகிறது. அதை ஒட்டிய காற்றும் சூடேறி, இலேசாகி மேலே எழுகிறது. உயரப் போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து, 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் குளிர்கிறது. போதிய அளவு குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி, தூசி, உப்புத் துகள்களின் மேல் படிந்து நுண்ணிய திவலைகளாகிறது. அதுவே மேகம். இத்தகைய திவலைகள் ஏறக்குறைய பத்து லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. வெப்பத்தால் எழும் தனி இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆயுளும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே. அது எந்த ஏரிக்கரையில் கொட்டும் என்று முதல் நாளே சொல்ல யாராலும் இயலாது.

ஐப்பசி, கார்த்திகை மழை வேறு வகை. வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு பல நூறு கிலோமீட்டர் பரப்பில் மேகத்தைத் திரட்டி வருகிறது. அதனால் அம்மழை ஊர் ஊராகப் பரவலாகப் பெய்கிறது. அறிவிப்பும் பெரும்பாலும் பொருந்துகிறது. அந்த நம்பிக்கையை ஆடி மாத இடிமழையின் மேல் வைக்கலாகாது.

ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ மணிலாப் பருப்பு விதைக்கு வேண்டும். கடன் வாங்கி விதை வாங்கியவர் ஒரு தூறலை நம்பி விதைத்து, முளைத்த பயிர் கருகிவிட்டால் மறுவிதைப்புக்கு வழியில்லை. "காத்திருந்தால் பட்டம் தப்பிவிடாதா?" என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆகவே, முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். மண்வெட்டியால் தோண்டி, ஈரம் ஒரு சாண் ஆழம் இறங்கியிருந்தால் விதைக்கலாம். மேல்மண் மட்டும் நனைந்திருந்தால், அடுத்த சில நாட்களுக்குப் 'பல இடங்களில்' மழை என்ற அறிவிப்பு வரும்வரை பொறுப்பதே நல்லது.

மழையை அளக்கவும் பழக வேண்டும். அடி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் உள்ள ஒரு டப்பாவை மரநிழல் படாத வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அதிலுள்ள நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீருக்குச் சமம்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. கிராம ஊராட்சி அளவிலான வானிலை முன்னறிவிப்பு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது, இது வரவேற்கத்தக்கது. ஆனால் கைப்பேசியில் தேடிப் பார்ப்பவருக்கு மட்டும் அது பயன்பட்டால் போதாது. கூட்டுறவுச் சங்க வாசலிலும் பால் சங்கத்திலும் கரும்பலகையில் நாள்தோறும் எழுதிவைக்க வேண்டும். ஊராட்சிதோறும் ஒரு மழைமானியும் தேவை. முன்னறிவிப்பையும் பெய்த மழையையும் ஒரே பலகையில் அருகருகே எழுதிவந்தால், எந்த அறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதை ஊராரே இரண்டொரு பருவத்தில் தெரிந்துகொள்வார்கள். ஒரு முறை வீணாகும் விதையின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு அற்பமே.