தூர்வாரும் காலம்



ஜனவரி முதல் நாளை உலகமெங்கும் ஆண்டுப் பிறப்பாகக் கொண்டாடுகின்றனர். ஆயினும் திருச்சபையின் ஆண்டு அன்று தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்தைய நான்காம் ஞாயிறன்று, திருவருகைக்காலத்தோடு அது தொடங்கிவிடுகிறது. ஐரோப்பிய நாடுகள் பல ஒரு காலத்தில் மங்கள வார்த்தைத் திருநாளாகிய மார்ச் 25ஐயே ஆண்டுப் பிறப்பாகக் கொண்டிருந்தன. இங்கிலாந்து 1752இல்தான் ஜனவரிக்கு மாறியது. தமிழராகிய நமக்கோ சித்திரை முதல் நாளும் உண்டு. ஆகவே நாட்காட்டியின் ஒரு தாளைக் கிழிப்பதால் மட்டும் மனிதன் புதியவனாகிவிடுவதில்லை. பின் எப்போது புதுப்பிக்கப்படுகிறான்?

இதற்கு விடை தேடும்போதெல்லாம் என் நினைவு கலவைப் பக்கத்து ஏரிகளுக்கே செல்கிறது. பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் இடைப்பட்ட இந்நிலம் ஏரிப்பாசனத்தால் வாழ்ந்த நிலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓயும். நல்ல மழை பெய்த ஆண்டில், ஜனவரியில் ஏரி நிறைந்திருக்கும். சம்பாக் கதிர் முற்றியிருக்கும். அந்த நிறைவு மழையால் மட்டும் வந்ததன்று. முந்தைய கோடையில் வரத்துக்கால்வாயில் மண்டிய முட்புதரை வெட்டி, ஏரியில் படிந்த வண்டலை அள்ளிக் கரையைப் பலப்படுத்திய கைகளின் உழைப்பும் அதில் உண்டு. நம் முன்னோர் இதனைக் குடிமராமத்து என்றனர். தமிழக அரசு 2017இல் அப்பெயராலேயே அப்பணிக்கு மீண்டும் உயிரூட்டியது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். வானம் தன் கொடையில் குறை வைக்கவில்லை. ஆனால் கால்வாய் தூர்ந்த ஏரிக்கு எத்தனை வெள்ளம் வந்தும் பயன் என்ன?

இறையருளும் இத்தகையதே. மழையை நாம் உண்டாக்க இயலாது. அதற்கு வழி திறந்து வைக்கலாம். திருச்சபை தவக்காலத்தை ஏற்படுத்தியதன் கருத்தும் இதுவே. நம் நாட்டில் அது நீர் வற்றத் தொடங்கும் மாதங்களில் வருகிறது. நீர் வற்றிய பின்னரே ஏரியின் அடி தெரியும். ஆரவாரம் அடங்கிய பின்னரே உள்ளத்தின் அடி தெரியும்.

இன்று நம் இளைஞரும் பெண்களும் பலர் கழனிக்குச் செல்வதில்லை. விடியுமுன் பேருந்தேறித் தோல் பதனிடும் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். அவர்களுக்குக் கோடையும் மாரியும் ஒன்றே. ஏற்றுமதி ஆர்டர் மிகுந்தால் ஓய்வில்லை, குறைந்தால் வருவாயில்லை. பருவம் அறியாத வாழ்வில் மனம் தூர்ந்துபோவது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆதலின் திருச்சபை வகுத்த காலங்கள் முன்னெப்போதையும்விட இன்று நமக்குத் தேவைப்படுகின்றன.

பாகப்பிரிவினையில் மனம் கசந்த அண்ணனும் தம்பியும் புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலிக்கு ஒரே கோவிலுக்கு வந்து, முகம் பாராமல் வெவ்வேறு வாசல் வழியே திரும்பும் காட்சி எந்தப் பங்கிற்கும் புதியதன்று. அன்றைய வாழ்த்தொலியில் அந்தக் கசப்பு கரைந்துவிடாது. அது ஆண்டுகள் பலவாகப் படிந்த வண்டல். ஒரே நாளில் அள்ள முடியாது. ஒரு கூடையேனும் அள்ளத் தொடங்கலாம். இந்த மாதம் ஒரு விசாரிப்பு; பொங்கலன்று ஒரு பாத்திரம் சர்க்கரைப்பொங்கல்; தவக்காலத்தில் ஒரு நல்ல ஒப்புரவு; பாஸ்காவில் ஒரே பந்தியில் உணவு. இவ்வாறு காலங்கள் ஒன்றின் கையை மற்றொன்று பிடித்து நம்மை அழைத்துச் செல்லும்.

கனி தராத அத்திமரத்தை வெட்டச் சொன்ன உரிமையாளரிடம், தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு கேட்டார் அல்லவா? அவர் வெறும் ஓராண்டைக் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி, எருவிட்டுப் பார்க்கும் ஓராண்டையே கேட்டார். நமக்குக் கிடைத்திருக்கும் இவ்வாண்டும் அத்தகையதே.

ஏரியை அடைத்த வண்டலே வயலுக்கு நல்ல எரு என்பதை உழவர் அறிவர். அள்ளாதவரை அது தடை. அள்ளி நிலத்தில் இட்டால் வளம். நம் குடும்பங்களில் படிந்துள்ள வருத்தங்களும் மன்னிப்பினால் அள்ளப்படுமாயின், பிறர் துயரை உணரும் நல்லிதயமாக விளையும்.

நிறைந்த ஏரியைக் கண்டு இன்று நன்றி கூறுவோம். நீர் வற்றும் நாட்களில் மண்வெட்டியோடு இறங்க மனத்தைத் திடப்படுத்திக்கொள்வோம். மழை தருபவர் தம் காலத்தில் தருவார்.