கேஷ்பேக் யாருடைய காசு?



நீளமான பதிவு. சக ஆசிரியர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

"இந்த லிங்கால ஆப்பை டவுன்லோட் பண்ணுங்க, உங்களுக்கும் 250, எனக்கும் 250." குடும்பக் குழுமத்தில் வந்தது, பழைய மாணவர் குழுமத்தில் வந்தது, பேசாமல் இருந்தேன். இப்போது வகுப்புப் பெற்றார் குழுமத்திலும் வருகிறது. அனுப்புவது வகுப்பாசிரியர்.

வீட்டுவேலை அனுப்புகிற அதே நம்பரிலிருந்து வரும் லிங்கை எந்த உம்மா தட்டுவார்? "சேர் அனுப்பினது" என்று அடையாள அட்டை இலக்கம் வரைக்கும் கொடுத்துப் பதிந்துவிடுவார். அந்த 250 ரூபா சேருக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. டியூஷனுக்குத் தன் வகுப்புப் பிள்ளைகளையே இழுக்கிற ஆசிரியரைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் எவ்வளவு பேசுகிறோம்! இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

"மாஸ்டர், சாமான் விலை இருக்கிற நிலையில் நாலு காசு மிச்சம் பிடிப்பது குற்றமா?" என்பார்கள். குற்றமில்லை. ஆனால் மிச்சம் பிடிக்கிறோமா என்று பாருங்கள். நான் கணக்குப் படிப்பிப்பவன், ஒரு சின்னக் கணக்கு. 2,000 ரூபாவுக்கு வாங்கினால் 200 ரூபா திரும்பக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குத் தேவை 1,450 ரூபா சாமான். மிச்ச 550க்கு பிஸ்கட், சொக்லட், ஒரு ஷாம்பு போத்தல். 200 திரும்பி வந்தாலும் கையிலிருந்து போனது 1,800. தேவையைவிட 350 கூட. ஏழாம் ஆண்டுப் பிள்ளையும் செய்யும் கணக்கு இது. நாங்கள் மட்டும் 200ஐப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறோம். அந்த 200ம் ஆப்புக்குள்தான் கிடக்கிறது, அடுத்த முறையும் அங்கேயே வாங்க வேண்டும்.

சரி, கெட்டிக்காரர் ஒருவர் தேவையானதை மட்டும் வாங்கி உண்மையாகவே மிச்சம் பிடிக்கிறார். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? கார்ட் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் வங்கிக்கு ஒரு கட்டணம் கொடுக்கிறார். ஆப் என்றால் ஆப்புக்கு கமிஷன். கார்டுக்காரரிடம் அதை மேலதிகமாக அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. அப்போது அது எங்கே போகும்? பருப்பு விலைக்குள் போகும், சீனி விலைக்குள் போகும். கார்டும் இல்லாமல், ஸ்மார்ட் ஃபோனும் இல்லாமல், தாள் காசை எண்ணிக் கொடுப்பவரும் அதே விலையைத்தான் கொடுக்கிறார். அவருக்கு மட்டும் ஒன்றும் திரும்பி வராது.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் பொஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2010ல் கணக்குப் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் ஒரு குடும்பம் சராசரியாக வருடத்துக்கு 149 டொலர் கார்டுக்காரர்களுக்குத் தாரை வார்க்கிறது, கார்ட் குடும்பம் ஒன்றுக்குக் கிடைப்பது 1,133 டொலர் என்றார்கள். நம் ஊரில் கார்ட் வைத்திருப்பது யார்? மாதச் சம்பளக்காரர் நாங்கள். காசு கொடுப்பது யார்? நாட்கூலிக்காரர், தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். வார இறுதியில் இன்ன வங்கியின் கிரடிட் கார்டுக்கு மரக்கறி, மீனுக்கு விலைக்கழிவு என்று விளம்பரம் பார்க்கிறோமே, அது அவர்களுக்குக் கிடைக்காத கழிவு.

ஆப்காரர் சதகாவாகக் கொடுக்கிறார் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஹனி என்று இலவசமாகக் கூப்பன் தேடிக் கொடுக்கும் ஒன்று. பேபால் அதை வாங்கக் கொடுத்த விலை சுமார் 4 பில்லியன் டொலர். இலவசமாகக் கொடுப்பதற்கு எதற்கு இந்த விலை? யார் எதை எப்போது வாங்குகிறார் என்ற விபரமும், கடைகளிடம் வாங்கும் கமிஷனும்தான் சரக்கு. 2024 டிசம்பரில், மற்றவர்களுக்குச் சேர வேண்டிய கமிஷனையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டது என்று அதன் மேல் குற்றச்சாட்டு எழுந்து, அங்கே வழக்கு வரை போனது.

வாங்கியதற்கு ஏற்பக் காசு திரும்பக் கொடுப்பதும் புதிதில்லை. 1844ல் இங்கிலாந்தின் ரொச்டேல் நெசவாளர்கள் கூட்டுறவுக் கடை திறந்து, லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்குப் பங்கிட்டார்கள். கடையும் அவர்களுடையது, கணக்குப் புத்தகமும் அவர்களுடையது. கூட்டுறவு நம் கண்டி மாவட்டத்துக்கும் அந்நியமில்லை. 1906லேயே தும்பறையில் கடன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள், சட்டம் வந்தது 1911ல். இன்று சங்கக்கடை என்றால் நமக்குச் சிரிப்பு.

2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றபோது எங்களை யார் தாங்கினார்கள்? கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் சந்திக் கடை நானாமார் கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தார்கள். வட்டி கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. அந்தக் கொப்பிக் கடனைக் கட்டி முடித்த கையோடு, 200 ரூபாவுக்காகக் கண்டி டவுனுக்கு பஸ் ஏறுகிறோம். பஸ் காசை யாரும் கழிப்பதில்லை.

இதே ஆப்கள் சில இப்போது "இன்று வாங்குங்கள், மூன்று தவணையில் கட்டுங்கள்" என்கின்றன. தவணை தவறினால் தாமதக் கட்டணம். அது ரிபாவா இல்லையா என்பதை உலமாக்கள் சொல்லட்டும், என் துறை அதுவல்ல. மாத நடுவில் கை வறண்டுபோகும் உம்மாவின் ஃபோனில் அந்த பட்டனைக் கொண்டுபோய் வைத்தது வகுப்பாசிரியரின் லிங்க் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

உங்கள் கார்டை வெட்டிப் போடச் சொல்லவில்லை. உங்கள் சம்பளம், உங்கள் விருப்பம். பெற்றார் குழுமத்தில் போட்ட லிங்கை இன்றைக்கே டிலீட் செய்யுங்கள். யாராவது அதனால் பதிந்திருந்தால், அந்த 250 எனக்கு வந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். அதிபர்மார் ஒரு வரி எழுதி இதை நிறுத்தலாம், சுற்றறிக்கை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கொமென்ட்டில் ரெஃபரல் கோட் போடுபவர்களை பிளொக் செய்வேன். முன்கூட்டியே மஆஃப்.